புல்லில் உட்காரும் உடெதைசா புல்லைத் தின்பதில்லை

மழை ஓய்ந்த பிறகு தரிசு நிலத்திலோ ஏரிக்கரைப் புல்லிலோ நடந்தால், காலடியிலிருந்து ஒரு வெள்ளைப் பூச்சி கிளம்பும். தாழப் பறந்து நாலைந்து மீட்டர் தள்ளி இன்னொரு புல் தண்டில் ஒட்டிக்கொள்ளும். பட்டப்பகலில் பறப்பதால் பலர் இதைச் சின்ன வண்ணத்துப்பூச்சி என்றே நினைத்துவிடுகிறார்கள். இது அந்துப்பூச்சி; பேரினப் பெயர் உடெதைசா. இரவில் தெருவிளக்குக்கும் வரும்.

அடையாளம் காண முதலில் அது உட்காரும் விதத்தைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி மாதிரி இறக்கையைத் தூக்கி நிறுத்தாது, பல அந்துப்பூச்சிகளைப் போல விரித்துப் பரப்பவும் செய்யாது. உடம்பைச் சுற்றி இறக்கையைச் சுருட்டிக்கொண்டு ஒடுங்கி உட்காரும். அப்போது நீளம் ஒன்றரை, இரண்டு செ.மீ. தான், இறக்கையை விரித்தால் சுமார் 3 செ.மீ. அல்லது அதற்குச் சற்று மேல். முன்னிறக்கை வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் சாயல். அதில் சிவப்புப் புள்ளிகளும் கருப்புப் புள்ளிகளும் குறுக்கு வரிசைகளாக மாறி மாறி வரும். தலையிலும் மார்பிலும் கருப்புப் புள்ளிகள் உண்டு. பின்னிறக்கை உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. அது வெள்ளையாக, ஓரத்தில் ஒழுங்கில்லாமல் வளைந்து நெளியும் கருப்புக் கரையோடு இருக்கும். நடுவில் பெரும்பாலும் ஒரு கருப்புக் குறி. முன்னிறக்கையும் பின்னிறக்கையும் சேர்ந்து இப்படி இருந்தால் பேரினத்தில் சந்தேகம் வேண்டாம்.

படம் எடுக்கும்போது வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். வெள்ளை இறக்கையில் வெயிலோ ஃபிளாஷோ பட்டால் வெள்ளை வெளுத்துப்போய், சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும். பிறகு அந்தப் படத்தை வைத்து நிறம் பற்றி எதுவும் பேச முடியாது. பின்னிறக்கை வேண்டுமென்றால் பூச்சியை ஒரு சிறிய டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் ஐந்து, பத்து நிமிடம் வையுங்கள். உறைய வைக்கும் பகுதியில் வேண்டாம். வெளியே எடுத்ததும் சற்று நேரம் சோம்பி நிற்கும், பறக்கத் தயாராகும்போது இறக்கையை விரிக்கும். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் இருக்கட்டும். விரலால் மார்பை அழுத்தாதீர்கள். அழுத்தினால் தலைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் சாயலோடு நுரை தள்ளும். அது இந்தப் பூச்சியின் தற்காப்பு, பட்டால் கையைக் கழுவிவிடுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை சில உண்டு. சியானா பேரினத்து அந்துகளும் வெள்ளை, சிவப்புதான். ஆனால் அவற்றில் சிவப்பு பட்டையாகவோ கோடாகவோ ஓடும், புள்ளி வரிசையாக இராது. அவற்றின் புழுக்கள் பாறையிலும் மரப்பட்டையிலும் வளரும் லைக்கனைத் தின்பவை, புல்வெளியோடு தொடர்பில்லை. எத்மியா பேரினத்தவை வெளிர்நிறத்தில் கரும்புள்ளிகளோடு வரும்; சிவப்பே இராது. அர்ஜினா ஆஸ்ட்ரியாவை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பூச்சியாகப் பார்த்தால் குழப்பமே இல்லை: உடெதைசாவை விடப் பெரியது, இறக்கை முழுக்க ஆரஞ்சு, அதில் கரும்புள்ளிகள். சிக்கல் புழுவில் வரும். இதன் புழுவும் உடெதைசா தின்னும் அதே செடியைத்தான் தின்கிறது. ஒரே காயில் இரண்டும் இருக்கலாம்.

இனப் பெயருக்கு வருவோம். இங்கே நிதானம் தேவை. நம் பக்கத்து வேளாண் பாடங்களிலும் பழைய பட்டியல்களிலும் இது உடெதைசா புல்கெல்லா என்றே இருக்கும். அது லின்னேயஸ் 1758இல் வைத்த பெயர். பிறகு லோட்ரிக்ஸ் தனி இனம் என்றும், புல்கெல்லாய்டிஸ் தனி இனம் என்றும் பிரிந்தன. கடைசியதற்கு 1907இல் பெயரிட்டவர் ஜார்ஜ் ஹாம்ப்சன், நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்தபோது அந்துப்பூச்சிகளின் பக்கம் திரும்பியவர். மூன்றுக்கும் முன்னிறக்கை வடிவம் ஏறக்குறைய ஒன்றே. புள்ளியின் எண்ணிக்கையும் அளவும் ஒரே தாயின் குஞ்சுகளிலேயே மாறும். ஆண் பூச்சியின் வயிற்று நுனி உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆகவே வயலில் எடுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘புல்கெல்லாய்டிஸ்’ என்றோ ‘லோட்ரிக்ஸ்’ என்றோ எழுதுவது சரியில்லை. உயிரினப் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி தானாக ஓர் இனப் பெயரை முன்னால் நீட்டும். அதைத் தொடாமல் ‘உடெதைசா’ என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். பேரினத்தோடு நின்ற பதிவைப் பின்னால் யாராவது திருத்திச் சேர்க்கலாம். தப்பான இனப் பெயரோடு போன பதிவு வரைபடத்தில் புள்ளியாக உட்கார்ந்துவிட்டால் அதைப் பிடுங்குவது பெரும்பாடு.

பூச்சிக்குப் பெயர் வைப்பதைவிட அதன் புழு எதைத் தின்கிறது என்று சொல்வது பெரிய கூற்று. அதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பூச்சி புல்லில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டு ‘உணவுச் செடி: புல்’ என்று எழுதிவிடுகிறார்கள். வெட்டுக்காயப்பூண்டுப் பூவில் தேன் குடிப்பதைப் பார்த்து அதையும் சேர்த்துவிடுகிறார்கள். வளர்ந்த பூச்சி உட்காரும் இடம் வேறு, தேன் குடிக்கும் பூ வேறு, புழு தின்று வளரும் செடி வேறு. உடெதைசா வாழ்வது புல் நடுவே. அருகையோ கோரையையோ ஊசிப்புல்லையோ அது தின்பதில்லை. அந்தப் புல்லுக்கு இடையில் நிற்கும் இரண்டு வகைச் செடிகளைத்தான் தேட வேண்டும்: பயறுக் குடும்பத்தின் கிலுகிலுப்பை, தேள்கொடுக்குக் குடும்பச் செடிகள்.

கிலுகிலுப்பை என்று நாம் சொல்வது குரோட்டலேரியா பேரினம். அதில் இனங்கள் நிறைய. ‘கிலுகிலுப்பையில் கண்டது’ என்று மட்டும் எழுதினால் பாதிப் பதிவுதான். பேரினத்தைக் காய் காட்டிக் கொடுக்கும்: உப்பிய, உருளையான காய், முற்றிக் காய்ந்ததும் ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கும். கொழிஞ்சி, அவுரி ஆகியவற்றின் காய் ஒல்லி, உப்பாது. அவற்றின் இலையும் இறகுபோல் பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். பூவில் கீழே உள்ள படகு இதழ் நுனியில் அலகாக நீண்டிருக்கும். அதைப் பிரித்தால் பத்து மகரந்தத் தாள்கள். அவற்றில் ஐந்தின் மகரந்தப்பை நீளம், ஐந்தினுடையது குட்டையாக உருண்டை. ஒரு கைலென்ஸ் போதும் இதைப் பார்க்க.

இனம் பிரிக்க இலை, இலையடிச் செதில், காயின் மயிர், இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். குரோட்டலேரியா ரெட்டுசா தனி இலை கொண்டது. இலை அடியில் குறுகி நுனியில் அகன்று, முனை மழுங்கியோ லேசாக உள்வாங்கியோ இருக்கும். மஞ்சள் பூ, பின்புறம் செம்பழுப்புக் கோடு, காயில் மயிரே இல்லை, முற்றினால் கருப்பு. கடற்கரை மணலிலும் சாலையோரத்திலும் நன்றாக வளரும். வெருக்கோசா என்பதற்கும் தனி இலைதான், ஆனால் பூ நீலம் கலந்த வெள்ளை அல்லது ஊதா; தண்டு கோணல் கோணலாக, பட்டைகளோடு இருக்கும்; இலைக்காம்பின் அடியில் குட்டி இலை போலவே அகன்ற செதில் நிற்கும். பூ இல்லாத காலத்திலும் அந்தச் செதிலை வைத்தே சொல்லிவிடலாம். மூன்று சிற்றிலை, நீண்ட கதிரில் நெருக்கமாகக் கீழ்நோக்கித் தொங்கும் காய் என்றால் பாலிடா. மூன்று சிற்றிலை இருந்தும் காய் நீண்ட காம்பில் தனித்து ஆடிக்கொண்டிருந்து, மயிரும் இல்லையென்றால் லபர்னிஃபோலியா. ஆள் உயரம் வளரும், ஒடுங்கிய தனி இலையும் பெரிய மஞ்சள் பூவும் மயிரடர்ந்த காயும் உள்ளது நம் உழவர்கள் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பை.

சணப்பையைப் பற்றி ஒரு சொல். வேளாண் பாடங்களில் உடெதைசாவின் புழு சணப்பையின் கம்பளிப்புழு என்று இடம்பெற்றிருப்பது உண்மைதான். ஆனால் பசுந்தாள் உரத்துக்குப் போட்ட வயலில் காயைத் தேடாதீர்கள். பூக்கும் தருணத்தில், 45 முதல் 60 நாளுக்குள், மடக்கி உழுதுவிடுவார்கள். காய் பிடிக்கவே நேரமில்லை. அங்கே இலையில்தான் பார்க்க வேண்டும். விதைக்காக விட்ட வயல் கிடைத்தால் அதுவே நல்ல இடம். மருந்து அடித்த வயலா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இரண்டாவது வகையில் தேள்கொடுக்கு முக்கியம். ஏரியில் தண்ணீர் வடியும்போது, சேறு காய்ந்து வெடிக்கும் விளிம்பில் முளைக்கும். சுருக்கம் விழுந்த சொரசொரப்பான இலை. தேளின் வாலாக நுனி சுருண்ட பூங்கதிர். அதன் மேற்பக்கம் மட்டும் இரண்டு வரிசையாக வெளிர் ஊதாச் சிறு பூக்கள். கடலோர உப்பு மண்ணில் இதன் உறவான ஹீலியோட்ரோப்பியம் குராசாவிகம் நிற்கும்: இலை சதைப்பற்றோடு, மயிரின்றி, நீலச்சாம்பல் நிறமாக, பூ வெள்ளையாக. கரிசல், செம்மண் தரிசுகளில் கவிழ்தும்பையையும் புரட்டிப் பாருங்கள். தலைகவிழ்ந்த வெளிர் நீலப் பூவும் குத்தும் முரட்டு மயிரும் கொண்ட அதுவும் இந்தக் குடும்பம்தான்.

பயறுக் குடும்பமும் தேள்கொடுக்குக் குடும்பமும் உறவே இல்லாதவை. ஒரே புழு இரண்டையும் தின்பதற்குக் காரணம் இரண்டிலும் உள்ள ஒரு நஞ்சு. பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்று பெயர். புழு அதைச் செரித்து வெளியேற்றாமல் உடம்பில் சேர்த்து வைக்கிறது. பூச்சியான பிறகும் அது தங்கியிருக்கிறது. இந்தப் பேரினத்தின் அமெரிக்க இனமான உடெதைசா ஆர்னாட்ரிக்ஸில் தாமஸ் ஐஸ்னரும் அவரோடு கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்களும் இதைப் படிப்படியாக நிறுவினார்கள். பெரிய பொன்வலைச் சிலந்தி, தன் வலையில் சிக்கிய ஆர்னாட்ரிக்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள இழைகளைத் தானே கத்தரித்துக் கீழே விட்டுவிடுகிறது. நஞ்சில்லாத உணவில் வளர்த்த பூச்சியைப் போட்டால் தின்றுவிடுகிறது. ஆண் தன் மணத்தூதுப் பொருளையே இந்த நஞ்சிலிருந்துதான் செய்கிறது. இணையும்போது விந்துப் பொதியோடு நஞ்சையும் பெண்ணுக்குத் தருகிறது. பெண் தன் பங்கையும் சேர்த்து முட்டைகளில் ஏற்றுகிறது. முட்டைக் கொத்து முழுக்கத் தாய் தகப்பன் இருவரும் கொடுத்த காப்பு. பூச்சியியலில் இதைவிட அழகாக முடிச்சவிழ்ந்த கதைகள் குறைவு என்பது என் எண்ணம்.

காயில் புழு ஏன் துளை போடுகிறது என்பதும் இதனால் விளங்கும். கிலுகிலுப்பையில் நஞ்சு செறிந்திருப்பது விதையில். இலையில் தொடங்கும் புழு காய் கிடைத்தால் அதற்குள் தலையை விட்டு விதையைத் தின்னும். எனவே செடியில் தேடும்போது இலையைப் புரட்டுவதோடு நிறுத்தாமல், ஓட்டை விழுந்த காயை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் புழு தொங்கும்.

வளர்ந்த புழு சுமார் 2.5 முதல் 3 செ.மீ. உடம்பு கருஞ்சாம்பல், முதுகிலும் பக்கத்திலும் விட்டு விட்டு ஓடும் வெள்ளைக் கோடு, ஒவ்வொரு வளையத்திலும் ஆரஞ்சுச் சிவப்புக் குறி, அடர்த்தியில்லாத மயிர். அதே காயில் மயிரே இல்லாத, அட்டை போல் தட்டையான புழு இருந்தால் அது பட்டாணி நீலன் வண்ணத்துப்பூச்சியினுடையது. பெரும்பாலும் எறும்பு கூடவே இருக்கும். காய்க்குள்ளேயே முழுவதும் அடைந்து கிடக்கும் மயிரற்ற சிறு புழு எடியெல்லா என்ற காய்த்துளைப்பானாக இருக்கலாம். வெறும் துளையைப் பார்த்து உடெதைசா என்று எழுதக்கூடாது என்பதற்கு இவையே காரணம்.

இனி வளர்ப்பு. உணவுச் செடி என்று உறுதியாகச் சொல்ல ஒரே வழி, செடியில் கண்ட புழுவை அதே செடியைக் கொடுத்துப் பூச்சியாகும்வரை வளர்ப்பது. அரை லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். மூடியை வெட்டி மெல்லிய துணி கட்டுங்கள். அடியில் டிஷ்யூ காகிதம். செடிக் கொப்பைச் சின்னக் குப்பியில் தண்ணீர் ஊற்றிச் செருகி, குப்பியின் வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள். அடைக்காவிட்டால் புழு தண்டு வழியே இறங்கி மூழ்கிச் சாகும். இப்படிச் சாவது மிகவும் சாதாரணம். கொப்பில் ஒன்றிரண்டு பச்சைக் காயும் இருக்கட்டும். புழுவை விரலால் எடுக்காமல் மெல்லிய ஓவியத் தூரிகையால் எடுங்கள்.

ஒரு டப்பாவில் ஒரு புழு, மிஞ்சினால் இரண்டு. நெரிசல் நோயைக் கொண்டுவரும். அதோடு ஆர்னாட்ரிக்ஸ் புழுக்கள் நஞ்சு கிடைக்காதபோது சொந்த இனத்தின் முட்டையையும் கூட்டுப்புழுவையும் தின்பது தெரிந்த விஷயம். எச்சத்தைத் தினமும் தட்டிவிட்டுக் காகிதத்தை மாற்றுங்கள். டப்பாவின் சுவரில் நீர்த்துளி கோத்தால் காற்று போதவில்லை என்று பொருள். இரண்டு நாள் அப்படியே விட்டால் எச்சத்தில் பூசணம் பூத்து, புழு தளர்ந்து கருத்துவிடும். வெயில் நேராக விழும் சன்னல் வேண்டாம். எறும்பு வரும் வீடானால் டப்பாவை நீர் ஊற்றிய தட்டின் நடுவே வையுங்கள்.

கொண்டுவந்த செடி தீர்ந்துவிட்டது என்று வேறு கிலுகிலுப்பையைப் பறித்துப் போடக்கூடாது. புழு அதையும் தின்னும், பூச்சியும் வரும், ஆனால் பதிவு கெட்டுவிடும். முதலிலேயே போதிய கொப்புகளைப் பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். செடி கிலுகிலுப்பையும் அல்ல, தேள்கொடுக்கு வகையும் அல்ல, ஆனால் அதில் புழு ஊர்ந்தது என்றால், தனி டப்பாவில் அந்தச் செடியை மட்டும் வைத்து ஒரு நாள் விடுங்கள். கடித்த தடமும் புது எச்சமும் இருந்தால் மேலே பார்க்கலாம். இரண்டும் இல்லையென்றால் கூடு கட்ட இடம் தேடிப் போன புழு அது. கிலுகிலுப்பையை மொட்டையடித்துவிட்டுப் பக்கத்துப் புல்லிலும் பார்த்தீனியத்திலும் ஏறி நிற்கும் புழுக்களும் உண்டு. பசியில் ஓரத்தைக் கடித்தாலும் அது உணவுச் செடி ஆகிவிடாது. அதைத் தின்று வளர்ந்து பூச்சியானால்தான் கணக்கு.

முழு வளர்ச்சி அடைந்த புழு தின்பதை நிறுத்தி, டப்பா முழுக்க அலையும். அப்போது இரண்டு காய்ந்த இலைகளையும் ஒரு குச்சியையும் போடுங்கள். இலைகளுக்கு இடையில் மெல்லிய பட்டு இழை பின்னி உள்ளே பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகும். பிரித்துப் பார்க்க வேண்டாம். முட்டையிலிருந்து பூச்சிவரை வெப்பத்தைப் பொறுத்து ஏறக்குறைய ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகும். வெளிவரும் பூச்சி ஏறித் தொங்கி இறக்கையை விரிக்க குச்சிக்கு மேல் 5, 6 செ.மீ. இடம் வேண்டும். இல்லையென்றால் இறக்கை கசங்கியே காய்ந்துவிடும். புதிதாக வந்த பூச்சியின் செதில் உதிர்ந்திருக்காது. பின்னிறக்கையைப் படமெடுக்க அதைவிட நல்ல வேளை இல்லை.

சில புழுக்களிலிருந்து பூச்சி வராது. உடம்பைத் துளைத்து வெளியேறும் வெண்புழு பழுப்பு உருண்டையாக இறுகினால் அது ஒட்டுண்ணி ஈ. புழுவின் மேலோ பக்கத்திலோ வெள்ளைச் சிறு கூடுகள் கொத்தாகத் தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி. ஏமாற்றத்தில் எறிந்துவிடாதீர்கள். எந்தப் புழு, எந்தச் செடி என்ற விவரத்தோடு அந்த ஈயையும் குளவியையும் வைத்திருந்தால் அதுவும் மதிப்புள்ள பதிவே.

கிலுகிலுப்பையில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. காய்ந்த இலையிலும் ஒடிந்த தண்டிலும் நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் கூட்டமாக அமர்ந்து காலால் சுரண்டி உறிஞ்சும். அவை அந்த நஞ்சுக்காகத்தான் வருகின்றன. அவற்றின் புழுக்கள் வளர்வது வேறு செடிகளில்.

செடியைக் கையாள்பவர்கள் அதன் நஞ்சை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1970-களின் நடுவில், அப்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்த சர்குஜா மாவட்டத்தில், சாமையோடு கலந்துவிட்ட குரோட்டலேரியா விதையால் கல்லீரல் இரத்தக்குழாய் அடைத்துப் பலர் இறந்தார்கள். அதே பத்தாண்டில் ஆப்கானிஸ்தானில் கோதுமையில் கலந்த ஹீலியோட்ரோப்பியம் விதையால் இதே நோய் வந்தது. செடியைத் தொடுவதால் ஆபத்தில்லை. சேகரித்த விதையைச் சமையலறை டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், மாடு ஆடு தின்னும் இடத்தில் கொட்டாதீர்கள்.

பதிவுச் சீட்டில் இருக்க வேண்டியவை: புழுவைக் கண்ட தேதி, ஊர், நிலத்தின் தன்மை (ஏரி உள்வாயா, கரையா, மேய்ச்சல் தரிசா, கடற்கரை மணலா), செடியின் இனம், புழு இருந்தது இலையிலா பூவிலா காய்க்குள்ளா, எத்தனை புழு, கூடு கட்டிய தேதி, பூச்சி வந்த தேதி. செடியின் படங்களும் கூடவே வேண்டும்: முழுச் செடி, இலையின் இரு பக்கம், இலையடிச் செதில், பூ முன்னும் பின்னும் பக்கவாட்டிலும், காய், விதை. முடிந்தால் பூவும் காயும் உள்ள ஒரு கொப்பைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவையுங்கள், முதல் வாரம் தினமும் தாளை மாற்றி. கிலுகிலுப்பையின் தடித்த காய் ஈரத்தை விடாது. அதைப் பிளந்து வைத்தால்தான் பூசணம் வராது. கூட்டுப்புழுவின் காலித் தோலை ஒரு காகித உறையில் போட்டு அதே எண்ணை எழுதி, கொப்போடு சேர்த்து வையுங்கள். ஆண் பூச்சி ஒன்று இயல்பாக இறந்து கிடைத்தால் அதையும் காயவைத்து அதே உறையில் சேருங்கள். மூன்று பெயரில் எது என்று பின்னால் யாராவது வயிற்று நுனியைப் பிரித்துச் சொல்ல அது ஒன்றே வழி.